மலேயாக்காரர் வீடு

ஆறுமுகநேரியில் தெருவுக்கு ஒரு கொழும்புக்காரர் வீடு உண்டு. மலேயாக்காரர் வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். கொழும்புக்குப் போனவர்கள் கோவில் கொடைக்கு வந்தார்கள், பெண் எடுத்தார்கள், கடையை விற்றுவிட்டுத் திரும்பிவந்து திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிச் செத்தும் போனார்கள். மலேயாவுக்குப் போனவர் போனவர்தான். 1936இல் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறிய ஒருவர், போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் மளிகைக்கடைச் சிப்பந்தியாகச் சேர்ந்து, அங்கேயே குடும்பமாகி, திரும்பவே இல்லை. அவர் வாழாத வீடு அவரைக்கொண்டு அறியப்படுகிறது. அங்கேயே பிறந்து, அங்கிருந்தே உப்பளத்துக்குப் போய்வந்து, அங்கேயே இறந்த அவருடைய தம்பியின் பெயர் வீட்டுக்கு வாய்க்கவில்லை. ஊரின் பிரக்ஞையில் இருப்பவனைவிட இல்லாதவனே அழுத்தமாகப் பதிகிறான் என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

2023 பொங்கலை ஒட்டி அந்த வீட்டுக்கு மலேயாவே வந்தது. போனவரின் கொள்ளுப்பேரன். வயது இருபது. கிள்ளானை அடுத்த ஷா ஆலமிலிருந்து வந்து, சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவம் சேர்ந்திருந்தான். வீட்டில் இப்போது இருப்பவர் அந்தத் தம்பியின் மருமகள், எண்பதை எட்டிய ஆச்சி. அவருடைய பென்ஷன் பாஸ்புக்கில் பதிவு போட வங்கிக்குக் கூட்டிவந்த பையன், வாசல் காவலாளியிடம், “கிராணி எங்கண்ணே இருக்காரு?” என்று கேட்டான். அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லை என்று காவலாளி சொன்னதும், பையன் என் மேஜையைச் சுட்டிக்காட்டியதும், எனக்குக் கேட்டது. மலாயில் குமாஸ்தாவுக்கு ‘கெரானி’. தோட்டத்துக் கதைகளில் மட்டும் நான் பார்த்திருந்த சொல், முதல்முறையாக என்னை நோக்கிச் சொல்லப்பட்டது. வங்கி இப்போது எங்களுக்கு வைத்திருக்கும் நீளமான ஆங்கிலப் பெயரைவிட அது எனக்குப் பொருந்துவதாகவே பட்டது.

ஆச்சியின் முறை வரும்வரை அவன் சும்மா இருக்கவில்லை. பணம் எடுக்கும் சீட்டை வைத்துக்கொண்டு விழித்த இரண்டு பெண்களுக்குத் தமிழில் எழுதிக்கொடுத்தான். நல்ல கையெழுத்து. பக்கத்தில் நின்ற உள்ளூர்க் கல்லூரிப் பெண் தன் பெயரைக்கூட ஆங்கிலத்தில்தான் எழுதினாள். “மலேசியாவிலிருந்து வந்தும் தமிழ் நல்லாப் பேசுறியே” என்று அவனைப் பாராட்டிய பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. அவன் ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். கணக்கும் அறிவியலும் தமிழில் கற்றவன். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்து 2016இல் அங்கே தமிழ்க் கல்விக்கு இருநூறாண்டு கொண்டாடினார்கள். இன்றும் அந்நாட்டில் ஐந்நூறுக்குமேல் தமிழ்ப்பள்ளிகள் அரசுக் கல்வியமைப்புக்குள் இருக்கின்றன. நாம் இங்கே மொழியை மேடையில் வைத்திருக்கிறோம். அவர்கள் அதைப் பெருக்கல் வாய்ப்பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியிருக்க, ஏன் வெளியே வருகிறார்கள்? 1969 மே மாதக் கலவரத்துக்குப்பின் 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை பல்கலைக்கழக இடங்களை இன விகிதத்தில் பிரித்தது. 2002இல் தகுதி அடிப்படை என்று அறிவித்தார்கள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் அரசு மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்திரர்களுக்கென்றே நீடித்தது. மிஞ்சிய இடத்தில் சீனரும் இந்தியரும் முட்டிக்கொள்ள வேண்டும். அதில் தவறிய பிள்ளைகளுக்காகத் தகப்பன்மார் சேமநிதியிலிருந்து கல்விக்கென்று பணம் எடுக்கிறார்கள். இவனுடைய அப்பா லாரி ஓட்டுகிறார். இருபது வருஷச் சேமிப்பின் ஒரு பகுதியை எடுத்து அனுப்பியிருந்தார். கொள்ளுத்தாத்தா அங்கிருந்து இங்கே பணம் அனுப்பினார். பேரனும் அங்கிருந்து இங்கே பணம் அனுப்புகிறார். திசை மாறவில்லை. நடுவில் இருக்கும் உறவுதான் தலைகீழாகிவிட்டது.

பணத்தைப்பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம், அது என் தொழில். வெளிநாட்டு மாணவன் ஒருவன் இந்தியாவில் கணக்குத் தொடங்க, பாஸ்போர்ட்டும் விசாவும் கல்லூரியின் சேர்க்கைக் கடிதமும் போதும். உள்ளூர் முகவரிச் சான்றை முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை வெளிநாட்டிலிருந்து ஆயிரம் டாலருக்குமேல் கணக்கில் வரக்கூடாது, ஐம்பதாயிரம் ரூபாய் என்ற உச்சவரம்பும் உண்டு. இந்த விதியில் நான் குறைகாண மாட்டேன். ஆனால் கட்டணம் கட்டக் கெடு நெருங்கும் முதல் மாதத்தில், சேமநிதிப் பணம் கடலைத் தாண்டிவந்து வாசலில் நிற்க, விடுதி தரவேண்டிய ஒரு முகவரிக் கடிதத்துக்காக அவன் மூன்று வாரம் அலைந்தான். ஒவ்வொரு நாளும் ரிங்கிட்டின் விலையைப் பார்த்துக்கொள்வான். ரிங்கிட் என்று அவன் சொல்வதில்லை, ‘வெள்ளி’. 2023 வாக்கில் ஒரு வெள்ளிக்குப் பதினேழு, பதினெட்டு ரூபாய். ஒரு டீ முக்கால் வெள்ளி, ஒரு முடிவெட்டு எட்டு வெள்ளி என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டே நடக்கும் வாழ்க்கை. மாற்றுவது நின்றுவிட்டால் இந்த ஊர் பழகிவிட்டது என்று அர்த்தமாம். அவனுக்கு அது இன்னும் நிற்கவில்லை.

விடுதி வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று. அங்கே மலேசியத் தமிழ் மாணவர்கள் ஆறேழு பேர். பகலில் மற்றவர்களோடு தமிழ். அவர்கள் பேச்சில் வரும் ‘லா’வைக் கூடப்படிப்பவர்கள் நடித்துக்காட்டிச் சிரிப்பார்கள். ‘கபாலி’ வந்த 2016க்குப் பிறகு, மலேசியத் தமிழன் என்றதும் எந்த கேங் என்று கேட்பது ஒரு சம்பிரதாயமே ஆகிவிட்டது. இரவில் விளக்கணைத்தபின் இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது மலாயில். “ஊர்ல மலாய் பேசினா அம்மா அதட்டுவாங்கண்ணே, வீட்ல தமிழ் பேசுன்னு. இங்க மலாய்ல பேசினாத்தான் வீடு மாதிரி இருக்கு” என்றான். அங்கே தமிழ் வீட்டு மொழி, மலாய் வெளி மொழி. இங்கே தமிழ் தெருவெல்லாம் இறைந்து கிடப்பதால் அது அந்தரங்கமாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. மலாய் உள்ளே நகர்கிறது. தாய்மொழி என்று நாம் நிரந்தரமான ஒன்றாகப் பேசிவருவது, சுற்றியுள்ளவர்கள் எதைப் பேசவில்லை என்பதைப் பொறுத்தும் அமைகிறது போலும். இதை ஒரு மொழியியல் நூலிலிருந்து நான் தெரிந்துகொண்டிருந்தால் இவ்வளவு தொந்தரவுபட்டிருக்க மாட்டேன்.

அவன் கல்லூரித் தமிழ் மன்ற மலருக்கு ஊரின் இரவுச் சந்தையைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினான். அச்சில் வந்தபோது ‘பசியாறிவிட்டு’ என்பது ‘டிபன் சாப்பிட்டுவிட்டு’ ஆகியிருந்தது. இது ரசனைக் குறைவு, போகட்டும். ‘இருபது வெள்ளி’ என்று அவன் எழுதியதை ‘இருபது ரூபாய்’ என்று திருத்தியிருந்தார்கள். மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்ட கணக்கு அது. திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு ஒரு வடைகூட வராது. வட்டார வழக்கைத் திருத்துகிறோம் என்று நினைத்தவர்கள் ஒரு நாட்டின் நாணயத்தையே மாற்றிவிட்டார்கள். இவ்வளவுக்கும் ‘பசியாறல்’ கடல் கடந்து போய் ஒட்டிக்கொண்ட சொல் அல்ல. எங்களுக்கு அடுத்த ரயில் நிலையமான காயல்பட்டினத்தில் முஸ்லிம் வீடுகளில் காலையுணவுக்கு இன்றும் அதுதான் பெயர். அங்கே அவனை நான் கூட்டிப்போன அன்று, வாசலில் நின்ற ஒரு பெரியவர் சாதாரணமாக, “பசியாறியாச்சா?” என்று கேட்டபோது அவன் முகம் போன போக்கை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது. உடன்குடிக் கருப்பட்டியை வாயில் போட்டுவிட்டு ‘குலா மலாக்கா’ என்று அவன் பெயர்சொல்லிக் கண்டுகொண்டதும் அன்றுதான்.

நம் சிறுபத்திரிகைக்காரர்கள் அந்தத் தமிழ் மன்றத்தைவிட மேல் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்தது. மெடானையும் பினாங்கையும் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தைக் கவனிக்க நமக்கு எத்தனை வருஷம் ஆயிற்று? அதுவும் அவர் திரும்பிவந்தவர், மதுரையில் பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் என்பதால் நம் கைக்கு எட்டினார். திரும்பாதவர்களின் பிள்ளைகள் எழுதுவதை நாம் மாநாட்டு மலர்களுக்கு ஒதுக்கிவிட்டோம். சீ. முத்துசாமிக்கு 2017இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது இங்கே பலர் முதலில் விசாரித்தது அவர் யார் என்று. ம. நவீனின் ‘பேய்ச்சி’ 2020இல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டபோது பேசியவர்களில் பாதிப்பேர் தடையைப்பற்றிப் பேசினார்களே தவிர நாவலைப்பற்றி அல்ல. நமக்கு அனுதாபம் சுலபமாக வருகிறது, மதிப்பீடு வருவதில்லை. மதிப்பிட மறுப்பதும் ஒருவகைத் தீண்டாமை என்பது என் அபிப்ராயம்.

‘அந்நியமாதல்’ என்று எழுபதுகளிலிருந்து நாம் எழுதிவருகிறோம். காம்யுவின் ‘அந்நியன்’ 1980இல் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக வந்தபிறகு அந்த வார்த்தைக்கு ஒரு சாயலும் கிடைத்தது. அதன் ஸ்தூல வடிவத்தை நான் பார்த்தது ‘சி படிவ’த்தில். வெளிநாட்டுக்காரர் ஒருவரைத் தங்கவைக்கும் எவரும், அது லாட்ஜானாலும் சொந்த வீடானாலும், இருபத்துநான்கு மணிநேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆச்சிக்குக் கம்ப்யூட்டர் ஏது? ஒவ்வொரு தடவை அவன் வரும்போதும் நான்தான் நிரப்பினேன். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார். மலேயாக்காரர் வீட்டில் ஒரு மலேயாக்காரர் தங்குகிறார் என்று நான் அரசுக்கு ஐந்து முறை தெரிவித்திருக்கிறேன்.

அந்நியன் என்ற நிலையிலிருந்து ஓரளவு தப்பிக்க ஒரு வழி இருந்தது. ஓ.சி.ஐ. அட்டை. பெயரில் குடியுரிமை உண்டே தவிர விஷயத்தில் கிடையாது. ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் ஆயுள் முழுக்க விசா, போலீஸ் பதிவு வேண்டாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு கொள்ளுப்பேரன் வரை அதற்கு உரிமை உண்டு. கொள்ளுத்தாத்தா இந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதற்கும், அவரிலிருந்து இவன்வரை ஒவ்வொரு கண்ணிக்கும் காகிதம் வேண்டும். மலேசியப் பக்கத்துக் காகிதங்கள் அத்தனையும் அவனிடம் இருந்தன. இந்தப் பக்கத்தில் ஒன்றுதான் தேவை. அது ஆச்சியின் தகரப்பெட்டியில் இருந்தது: அண்ணன் தம்பி இருவர் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் உள்ள ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்.

அங்கேதான் சிக்கல். அந்தப் பத்திரத்தின்படி வீட்டில் பாதி மலேயாக்காரருடையது. “பங்கு கேட்டு வந்திருக்கான்” என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. திருப்பூரில் இருக்கும் ஆச்சியின் மகன் போனில், “ஒரு காகிதத்தையும் அவனை போட்டோ எடுக்க விடாதம்மா” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். எண்பது வருஷம் திரும்பிப் பார்க்காத ஒரு கிளை திடீரென்று பத்திரம் கேட்டால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கே இரண்டொரு தடவை தோன்றியது. ஆச்சி இதற்கு நடுவில் ஒரு வழி கண்டார். பெட்டிச் சாவி அவர் இடுப்பில். பத்திரத்தை எடுக்கவில்லை, கடிதங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, “என்னத்த எழுதியிருக்காவ, படிய்யா” என்று அவனிடம் கொடுப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மாமனாருக்கு வந்த கடிதங்களை அவர் கட்டிக் காப்பாற்றினாரே தவிர அவற்றைக் கேட்டதில்லை.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். ஏமாற்றம்தான். இவ்விடம் அனைவரும் சுகம், அவ்விடம் சுகத்துக்கு எழுதவும், இத்துடன் வெள்ளி பத்து, மழை எப்படி. மறு கடிதமும் அதே. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் எப்படியிருந்தது, எதைத் தின்றார், யாரைக் கல்யாணம் செய்தார், ஒரு வரி இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியதோடு கடிதம் நின்று, யுத்தம் முடிந்தபின் ஒன்று வருகிறது: இவ்விடம் அனைவரும் சுகம். இடையில் நான்கு வருஷம் என்ன நடந்தது என்பதற்கு அந்த ஒரு வாக்கியம்தான். இலக்கியவாதிக்கு இதில் ஒன்றுமில்லை என்று எழுந்துவிடத் தோன்றும். பையனோ அம்மாவுக்கு அன்றிரவு வாட்ஸப்பில் அனுப்பிய குரல்செய்தியில் சொன்னது: “நான் நல்லா இருக்கேன்மா, பசியாறிட்டேன், மழை வர்ற மாதிரி இருக்கு.”

மழை வந்தது 2023 டிசம்பர் 17. படிப்பு விடுமுறைக்கு வந்திருந்தவன் அன்றிரவு செந்தூர் எக்ஸ்பிரஸில் திரும்ப முன்பதிவு செய்திருந்தான். சாயங்காலமே தெருவில் முழங்கால் தண்ணீர். ஆச்சியைத் தனியே விட மனமின்றிப் பயணத்தை நிறுத்திவிட்டான். அந்த ரயில் ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் போகவில்லை; சுமார் எண்ணூறு பேரோடு அங்கேயே நின்றது. மறுநாள் காலைவரையிலான இருபத்துநான்கு மணிநேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியும் குளங்களும் ஒன்றுசேர்ந்து வந்தன. மழைக்காலத்துக்கென்று ஓலை மூடிவைத்திருந்த உப்புக் குவியல்கள் இருந்த இடம் தெரியவில்லை. எத்தனையோ பேரின் ஒரு வருஷ உழைப்பு ஒரே இரவில் வந்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

அவனுக்கு வெள்ளம் புதிதல்ல. 2021 டிசம்பர் 18 ஷா ஆலம் வெள்ளத்தில் அவன் வீட்டில் கீழ்த்தளம் முழுக்க முங்கியது. கிழக்கே கிளந்தானிலும் இங்கேயும் ஒரே வடகிழக்குப் பருவக்காற்றுதான் கொட்டுகிறது என்று பள்ளியில் படித்ததை அவன் என்னிடம் பிறகு சொன்னான். எதை முதலில் தூக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆச்சியை, பிறகு ஆச்சியின் மாத்திரைகளை, பிறகு அரிசியை, பிறகு கேஸ் சிலிண்டரை. எதிர்வீட்டு மாடிக்கு நான்கு நடை. தகரப்பெட்டி ஐந்தாவதாக இருந்தது. ஐந்தாவது நடைக்குத் தண்ணீர் இடம் கொடுக்கவில்லை.

எங்கள் பகுதியில் ஐந்து நாள் மின்சாரம் இல்லை. டவர் இல்லை, வங்கி இல்லை, ஏ.டி.எம். இல்லை. கணக்கில் வெள்ளி இருந்தும் கையில் காசில்லாமல், தெருக்காரர்கள் பொதுவில் பொங்கிய சோற்றை வாங்கி அவனும் தின்றான், பிறகு அவனே நின்று பரிமாறினான். ஷா ஆலமில் அவன் அம்மா தொலைக்காட்சியில் காயல்பட்டினம் என்ற பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு மூன்று நாள் இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் திருச்செந்தூர்வரை நடந்துபோய் அவன் பேசினான். சுகம் என்றுதான் சொன்னானாம். பங்கைப்பற்றிய பேச்சு தெருவில் அதற்குப்பின் என் காதில் விழவில்லை.

வெள்ளம் வடிந்தபின் நான் போனபோது வீட்டு முற்றத்தில் கயிற்றுக்கட்டில் போட்டு அதன்மேல் காகிதங்கள் உலர்ந்துகொண்டிருந்தன. பெட்டியை ஆச்சியே திறந்து அவனிடம் கொடுத்திருந்தார். பத்திரம் மைக்குழம்பாகக் கிடந்தது. பதிவு எண்ணும் தேதியும் போய்விட்டன. எண் தெரிந்தால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். தெரியாவிட்டால் மனுப் போட்டுப் பழைய புத்தகங்களில் தேடச்சொல்ல வேண்டும். மனு போட்டிருக்கிறோம். அது தனிக்கதை. சி படிவத்தை நான் இன்னும் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடிதங்களிலும் அதே கதி. மலேயாவில் பேனாவால் எழுதியவை நீலக் கறையாகிவிட்டன. ஆனால் தாளைத் திருப்பினால் எழுத்து இருந்தது. பென்சில் எழுத்து, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. வாசிக்கக் கேட்டபோது முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருந்ததால் இது எங்கள் கண்ணில் பட்டிருக்கவில்லை. வந்த பணத்தை என்ன செய்தோம் என்று தம்பி எழுதிவைத்த வரவுசெலவு. ஓலை மாற்றியது. நாடார் கடைப் பாக்கி பைசல். அம்மாவுக்கு வைத்தியம். ஒவ்வொரு தாளிலும் கடைசியில், ‘அண்ணன் பாகம் இருப்பு’ என்று ஒரு தொகை, முந்தைய இருப்போடு கூட்டி. யுத்த காலத்தில் கடிதமே வராத வருஷங்களுக்கும் பழைய தாள்களின் மூலையில் பதிவு இருந்தது: வீட்டுக்குப் பின்னாலிருந்த பனைகளின் பாட்டத்தில் பாதி, அண்ணன் பாகம். உப்பளத்தில் கூலிக்கு நின்ற மனிதர், அவரே வட்டியில்லாமல் ஒரு வங்கிக்கிளை நடத்தியிருக்கிறார். 1953க்குப் பிறகு தாள் இல்லை.

பையன் ஒவ்வொன்றாக வாசித்தான். ஆச்சி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னைப் பார்த்து, “கடைசில எவ்வளவு நிக்குது, கூட்டிச் சொல்லுங்க தம்பி. மாமா வச்சிருந்ததை நம்ம வச்சிக்கிடக்கூடாது” என்றார். தொழில் முறைப்படி இரண்டு தடவை சரிபார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஆறணா.

“வெள்ளியில எவ்வளவுண்ணே?”

அன்றைய விலைக்குப் பன்னிரண்டு இருக்கும் என்றேன்.

“ரெண்டு பேர் பசியாறலாம்” என்றான், ஆச்சியைப் பார்த்து.